டேஷ்போர்டு மின்னக் கூடாது

டேஷ்போர்டுனா பளபளனு இருக்கணும்னு முதல்ல யாரு கெளப்பிவிட்டாங்கனு தெரியல. பாலிஷ் பாட்டில எடுத்து ரெண்டு சொட்டு விட்டு தேய்ச்ச உடனே கறுப்பா ஈரமா மின்னும், நமக்கும் வண்டியே புதுசான மாதிரி ஒரு திருப்தி. அதே வண்டிய உச்சி வெயில்ல ஓட்டிப் பாருங்க. முன் கண்ணாடில டேஷ்போர்டோட பிம்பம் அப்படியே விழும், ஏசி வென்ட் கோடு, ஸ்பீக்கர் சல்லடை எல்லாம் ரோட்டு மேல மிதக்கும், அதுக்கு ஊடாலதான் குறுக்க வர்ற ஆளப் பாத்து பிரேக் அடிக்கணும். கம்பெனில இருந்து வரும்போதே அது மங்கலா, சொரசொரப்பா, பெரும்பாலும் கறுப்புலயோ அடர் சாம்பல்லயோ வர்றதுக்கு இதுதான் பெரிய காரணம். ராலி பந்தய வண்டிகள்ல இன்னும் ஒரு படி மேல போவாங்க. டேஷ்போர்டு மேல பசை தடவி, நுணுக்கமான கறுப்பு நைலான் இழைகள மயிர் மயிரா நிக்கிற மாதிரி ஒட்டி வெச்சிருப்பாங்க, ஃப்ளாக்கிங்னு பேரு. விழுற வெளிச்சத்த அது முழுங்கிடணும், அவ்ளோதான் நோக்கம்.

இத ஏன் முதல்லயே சொல்றேன்னா, பழைய டேஷ்போர்ட வீட்லயே சரி பண்ண உக்கார்ற முக்காவாசிப் பேரு பளபளப்ப நோக்கித்தான் போறாங்க. போற வழியில எல்லாமே தப்பா முடியுது. வாங்குற சாமான், அடிக்கிற பெயிண்ட், கடைசில பளபளப்புக்குப் பூசுற நிறமில்லாத க்ளியர் கோட் வரைக்கும். நான் என்னோட பழைய கார்லயும், அப்புறம் மச்சானோட அதவிடப் பழைய கார்லயும் இந்த வேலையப் பாத்திருக்கேன், அதுல இருந்து தெரிஞ்சத எழுதுறேன்.

முதல்ல எது கெட்டுப்போயிருக்குனு பாக்கணும். "டேஷ்போர்டு போயிடுச்சு"னு ஒரே வார்த்தைல சொல்லிடறோம், ஆனா அது போறதுல மூணு நாலு வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. மேல் பக்கம் வெளுத்து சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகுறது ஒண்ணு. நடுவுல ஏசி சுவிட்ச் சுத்தி, கதவு கைப்பிடி பக்கம் எல்லாம் பிசுபிசுனு ஆகி நகம் பட்டா உரியறது இன்னொண்ணு. மேல் தோல் வெடிச்சு உள்ள இருக்கற மஞ்சள் ஃபோம் தெரியறது மூணாவது. வெள்ளி கலர் பட்டை மாதிரி வர்ற ட்ரிம்ல பெயிண்ட் உரியறது நாலாவது, அது சின்ன விஷயம், விட்ருவோம்.

வெயில்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லுவாங்க. பாதிதான் சரி. முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் வெச்சு ஒட்டினது, புற ஊதாக் கதிர்ல பெரும்பகுதிய அந்தப் படலமே தடுத்துடும். பக்கத்து ஜன்னல் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுக்காது, அதனால ஓரத்துல அடி கொஞ்சம் கூட. ஆனா நடு டேஷ்போர்டுல பெரிய வில்லன் சூடு. கதவடைச்சு வெயில்ல நிக்கிற வண்டில டேஷ்போர்டு மேல்பரப்பு 70 டிகிரி செல்சியஸ சர்வசாதாரணமா தொடும், சாயங்காலம் இறங்கும், மறுநாள் மறுபடி ஏறும். இப்படி வருஷக்கணக்குல விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கி இருந்தா எந்த பிளாஸ்டிக்கும் தளர்ந்துதான் போகும்.

அடுத்தது இது என்ன பிளாஸ்டிக்ங்கற கேள்வி. இதத் தாண்டிட்டு நேரா பெயிண்ட் கேனுக்குப் போறதுலதான் பல பேரு மாட்டறாங்க. கழட்டற எந்தத் துண்டையும் திருப்பிப் பாருங்க, உள்பக்கம் சின்னதா அம்புக்குறி அடைப்புக்குள்ள எழுத்து அச்சாயிருக்கும். ஏபிஎஸ்னு இருக்கும், இல்ல பிசி பிளஸ் ஏபிஎஸ், இல்ல பிபி பிளஸ் ஈபிடிஎம், பக்கத்துல டி20னு ஒண்ணு. ஏபிஎஸ், பிசி ரெண்டும் கெட்டியான பிளாஸ்டிக் வகைகள், பிபினா பாலிப்ரொப்பிலீன், ஈபிடிஎம்னா அதோட கலக்கற ரப்பர், டி20னா அதுல 20 சதவீதம் டால்க்ங்கற தாதுப் பொடி கலந்திருக்குனு அர்த்தம். ஏபிஎஸ்ல பெயிண்ட் நல்லா பிடிக்கும். பிபில நேரா அடிச்சா பிடிக்கவே பிடிக்காது, எந்த உசந்த பெயிண்டா இருந்தாலும் காஞ்சப்புறம் டேப் ஒட்டி இழுத்தா பாய் சுருட்டுற மாதிரி சுருண்டு வந்துடும். எழுத்து இல்லாத துண்டுக்கு, ஒரு சீவல் எடுத்து தண்ணில போட்டா மிதந்தா பிபி, முங்கினா ஏபிஎஸ்னு சொல்லுவாங்க, ஆனா டால்க் கலந்த பிபியும் முங்கும், அதனால அத நம்பாதீங்க. நான் பண்றது, பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலைல பஞ்சு நுனில ஒரு துளி அசிட்டோன் தொட்டு வெச்சு விரல வெச்சுப் பாக்கறது. ஏபிஎஸ்னா அந்த இடம் பசபசனு இளகி விரல்ல ஒட்டும். பிபினா ஒண்ணுமே ஆகாது, தண்ணி பட்ட மாதிரி காஞ்சுடும். இந்த டெஸ்ட்டு பின்பக்கம் மட்டும்தான், அதே அசிட்டோன முன்பக்கம் கிளீன் பண்ண எடுத்தீங்கன்னா ஏபிஎஸ் துண்டு அன்னைக்கே காலி.

கழட்டறதப் பத்தி. முழு டேஷ்போர்டையும் வெளிய எடுக்காதீங்க. ஸ்டியரிங் காலம் இறக்கணும், ஏசி டக்ட்டு, வயரிங் கட்டு எல்லாம் பிரிக்கணும், அழகுக்காகப் பண்ற வேலைக்கு அவ்ளோ ரிஸ்க் தேவையில்ல. மீட்டர் மேல வர்ற ஹூட், நடு பேனல், ஏசி வென்ட் சட்டம், க்ளவ் பாக்ஸ் மூடி, இதெல்லாம் தனித்தனியா கிளிப்புலயும் ரெண்டு மூணு ஸ்க்ரூவுலயும்தான் நிக்கும். அத மட்டும் எடுத்து வெளில வெச்சு ஸ்ப்ரே பண்ணுங்க, பெரிய மேல் பலகைய இருக்கற இடத்துலயே வெச்சு துணியிலயோ ஸ்பாஞ்சுலயோ வினைல் டை (வினைல், பிளாஸ்டிக்குக்குனு வர்ற சாயம்) தொட்டுத் தேய்ச்சு கலர் ஏத்தலாம். நெம்பறதுக்கு ஸ்க்ரூ டிரைவர் வேணாம், பிளாஸ்டிக் நெம்புகோல் செட்டுதான் சரி. குளிர்ல கழட்டினா பழைய கிளிப் படக்குனு ஒடியும், கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும்போது கழட்டினா வளைஞ்சு குடுக்கும். ஸ்க்ரூ எந்த ஓட்டைல இருந்து வந்துச்சோ அந்த இடத்தப் படமா ஒரு அட்டைல வரைஞ்சு, அதே இடத்துல குத்தி வெச்சுட்டா திரும்ப மாட்டும்போது யோசிக்கவே வேணாம்.

ஏர்பேக் விஷயத்துல மட்டும் நான் யாரோட வீரத்தையும் ஒத்துக்க மாட்டேன். பேட்டரி நெகட்டிவ் டெர்மினலக் கழட்டிட்டு, வண்டியோட மேனுவல்ல சொல்லியிருக்கற நேரம் காத்திருக்கணும், ஏன்னா ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல கரண்ட் கொஞ்ச நேரம் தங்கும். பெரும்பாலான வண்டில ஏர்பேக் கனெக்டர் மஞ்சள் கலர்ல இருக்கும், அதுல மல்டிமீட்டர் வெச்சுப் பாக்கறது, இழுத்துப் பாக்கறது எதுவும் கூடாது. பக்கத்து சீட்டுக்கு முன்னாடி இருக்கற மூடி பாக்க சாதாரண பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், ஆனா பல வண்டில அதுக்குப் பின்பக்கம் கோடு மாதிரி செதுக்கி மெலிசாக்கி வெச்சிருப்பாங்க, ஏர்பேக் வெடிக்கும்போது சரியா அந்தக் கோட்டுலதான் கிழியணும். அது மேல பட்டி போட்டாலோ, ரெக்சின் ஒட்டினாலோ, கெட்டியா பெயிண்ட் ஏத்தினாலோ எங்க கிழியும், எப்ப கிழியும்னு யாருக்கும் தெரியாது, ஒட்டின துண்டு கண்ணு சிமிட்டுறதுக்குள்ள முகத்துக்கு வரும். நான் அந்த மூடிய சோப்புத் தண்ணில துடைக்கறதோட நிறுத்திட்டேன். மத்த இடத்தோட பாத்தா ஒரு ஷேடு வெளுப்பாதான் இருக்கு. இருக்கட்டும்.

பிசுபிசுப்பு கேஸு பாக்கறதுக்குக் கேவலமா இருக்கும், ஆனா இருக்கறதுலயே ஈஸி. அது பிளாஸ்டிக் கெட்டுப்போனது இல்ல. தொட்டா ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கணும்னு கம்பெனில ஒரு பாலியூரித்தேன் கோட்டிங் குடுத்திருப்பாங்க. காத்துல இருக்கற ஈரமும் சூடும் சேந்து அந்தக் கோட்டிங்கோட ரசாயனப் பிணைப்பையே உடைச்சு விடும், கைல இருக்கற வேர்வை, க்ரீம் எல்லாம் அத இன்னும் சீக்கிரமாக்கும். அதக் காப்பாத்த வழி இல்ல, பவுடர் போட்டுத் தேய்ச்சா ரெண்டு நாள் தாங்கும். மொத்தமா எடுத்துடறதுதான் வேலை. துணில ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்சு அந்தப் பரப்பு மேல சில நிமிஷம் போத்தி வெச்சு, அப்புறம் தேய்ச்சா கறுப்பு கறுப்பா திரண்டு வரும், மூலைல இருக்கறத பிளாஸ்டிக் கார்டு வெச்சு சுரண்டணும். துணி துணியா போகும், நகக்கண்ணெல்லாம் கறுப்பாகும், நடுவுல "இது எதுக்கு ஆரம்பிச்சோம்"னு தோணும். ஆனா அடியில கிடைக்கிறது பெரும்பாலும் நல்ல கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக், என் வண்டில அதுக்கு மேல பெயிண்ட்டே அடிக்கல, அப்படியே விட்டுட்டேன். ஒண்ணு கவனிக்கணும், சுவிட்ச் மேல இருக்கற எழுத்தும் இந்தக் கோட்டிங்கோட சேந்து செதுக்கினதா இருக்கலாம், உரிச்சா ராத்திரி வெளிச்சம் எழுத்து வழியா வராம சுவிட்ச் முழுக்க வரும். சுவிட்ச தொடாதீங்க. மீட்டர் கண்ணாடி பக்கமும் ஆல்கஹாலோ அம்மோனியா கலந்த கிளீனரோ போகக் கூடாது, அது கண்ணாடி இல்ல, தெளிவான பிளாஸ்டிக், பொடிப்பொடியா கீறல் விட்டுடும்.

இப்ப நிஜமான வேலைக்கு வர்றேன், கிளீனிங். பெயிண்ட் அடிக்கிறது மொத்த வேலைல ஒரு சின்னப் பகுதிதான், மீதி எல்லாம் இதுதான். வருஷக்கணக்கா பூசின பாலிஷ்ல பெரும்பாலும் இருக்கறது சிலிக்கான் ஆயில். அது சொரசொரப்பான பள்ளத்துக்குள்ள எல்லாம் போய் உக்காந்துக்கும். மேல பெயிண்ட் விழுந்த உடனே பெயிண்ட் அந்த இடத்த விட்டு விலகி, குண்டூசித் தலை சைஸ்ல வட்ட வட்டமா பள்ளம் விழும், நடுவுல பழைய பிளாஸ்டிக் தெரியும். பெயிண்டர்கள் இத ஃபிஷ் ஐம்பாங்க. அது மேல இன்னொரு கோட் அடிச்சு மூடலாம்னு நினைக்காதீங்க, மூடாது, பள்ளம் பெருசாகும். மின்னணும்னு போட்ட அதே பாலிஷ்தான் பின்னாடி பெயிண்ட உக்கார விடாமப் பண்ணுது.

அத எடுக்கறதுக்கு முதல்ல பாத்திரம் கழுவற சோப்பும் வெந்நீரும் மெல்லிசு பிரஷ்ஷும், அப்புறம் மெழுகும் கிரீஸும் எடுக்கறதுக்குனு விக்கிற கரைசல், மறுபடி சோப்பு. கரைசல ஒரு துணில போட்டுத் தேய்ச்சு, அது காயறதுக்குள்ள இன்னொரு காஞ்ச துணில ஒத்தி எடுக்கணும். ஒரே துணில தேய்ச்சுக்கிட்டே இருந்தா ஆயில இங்க இருந்து எடுத்து அங்க பூசிட்டு இருக்கோம், அவ்ளோதான். போயிடுச்சானு எப்படித் தெரியும்? தண்ணி தெளிச்சா முத்து முத்தா நின்னா இன்னும் எண்ணெய் இருக்குனு சொல்லுவாங்க, ஆனா பிபி பிளாஸ்டிக்ல சுத்தமா இருந்தாலும் தண்ணி கொஞ்சம் முத்தாதான் நிக்கும். அதனால துண்டோட பின்பக்கம், பாலிஷ் படாத இடத்துல ஒரு சொட்டு விட்டு அது எப்படி நிக்குதுனு பாத்துட்டு, முன்பக்கமும் அதே மாதிரி நிக்குதானு ஒப்பிட்டுப் பாக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி பரவற வரைக்கும் கழுவணும்.

கழுவினப்புறம் சாம்பல் கலர் ஸ்கஃப் பேட்ல (சொரசொரப்பான நார்ப் பட்டை) சோப்புத் தண்ணியோட மெதுவா தேய்ச்சா பெயிண்ட் பிடிக்கிறதுக்கு ஒரு கடி கிடைக்கும். உப்புத்தாள எடுக்காதீங்க. தோல் மாதிரி வரி வரியா இருக்கற அந்த டெக்ஸ்ச்சர் போச்சுன்னா திரும்ப வராது, வழவழனு ஒரு திட்டு மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்துல தனியா தெரியும்.

மச்சான் வண்டில தகராறே அந்த மூணாவது வகைதான், தோல் வெடிப்பு. அது பழைய மாடல் டேஷ்போர்டு, அடியில ஃபோம், மேல பிவிசி தோல். பிவிசிய மெத்துனு வெச்சிருக்கறதே அதுல கலந்த ஒரு எண்ணெய், சூட்டுல அது கொஞ்சம் கொஞ்சமா ஆவியா போயிடும். முன் கண்ணாடி உள்பக்கம் துடைக்கத் துடைக்க மறுபடி ஒரு மூட்டம் படியுமே, அதுல அந்த எண்ணெய்க்கும் பங்கு உண்டு. எண்ணெய் போகப் போகத் தோல் சுருங்கும், சுருங்கினா எங்க ஓட்டையோ மூலையோ இருக்கோ அங்க இருந்து வெடிக்கும், அதனாலதான் வெடிப்பெல்லாம் ஏசி வென்ட் மூலைலயும் ஸ்பீக்கர் ஓரத்துலயும் ஆரம்பிக்குது. வெடிச்ச உதடு ரெண்டும் மேல் நோக்கி சுருண்டுக்கும், அத அமுக்கி ஒட்டினா நிக்காது. சுருண்ட பகுதிய பிளேடால வெட்டி எடுத்து, ஓரத்த சரிவா சீவி, ஃபோம் பள்ளத்த ரொப்பி, மேல பம்பருக்குப் போடற வளையுற பட்டிதான் போடணும், சாதாரண பாடி பட்டி கல்லு மாதிரி இறுகி மறு வெயில்லயே ஓரம் விட்டுடும். டெக்ஸ்ச்சருக்கு, அதே வரி இருக்கற மறைவான இடத்துல சிலிக்கான் புட்டியக் கொஞ்சம் அமுக்கி அச்சு எடுத்து வெச்சுக்கிட்டு, பட்டி முழுசா இறுகறதுக்கு முன்னாடி அத வெச்சு அமுக்கினா வரி விழும். அழகான வேலை இது, ரொம்ப நேரம் பண்ணிட்டே இருக்கலாம். ஆனா உண்மையச் சொல்லணும்னா கையகலத்துக்கு மேல நீளமான வெடிப்புக்கு இது பிரயோஜனமில்ல, சுருங்கற தோல் பட்டிக்குப் பக்கத்துலயே புதுசா வெடிக்கும். அதுக்கு மேல மூடற மாதிரி வர்ற ரெடிமேட் ஓடோ, நல்ல நிலைல இருக்கற பழைய டேஷ்போர்டோதான் வழி. மச்சானுக்கு சின்ன வெடிப்புகள மட்டும் சரி பண்ணிக் குடுத்தேன், பெருசு ஒண்ணு இருந்துச்சு, அத ஓடு வாங்கி மூடிக்கோனு சொல்லிட்டேன்.

பெயிண்ட். பிபி துண்டா இருந்தா முதல்ல அடீஷன் ப்ரமோட்டர், அதாவது பெயிண்ட் ஒட்டிக்கறதுக்கு உதவுற ஒரு திரவம், தெளிவா தண்ணி மாதிரி இருக்கும், மெலிசா ஒரு கோட், கேன் மேல போட்டிருக்கற நேரத்துக்குள்ள அடுத்தத அடிச்சுடணும், தாமதமானா அதோட வேலை போயிடும். அப்புறம் இன்டீரியருக்குனே வர்ற வினைல் அண்ட் பிளாஸ்டிக் கலர், மேட் ஃபினிஷ். கேன வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வெச்சு எடுத்து, உள்ள இருக்கற குண்டு சத்தம் கேக்க ஆரம்பிச்சப்புறமும் ரெண்டு நிமிஷம் குலுக்கணும், மேட் பெயிண்ட்ல மங்கலாக்கற பொடி அடியில தங்கிடும், குலுக்காம அடிச்சா அங்கங்க மினுமினுப்பு வரும். முதல் கோட் பனி படிஞ்ச மாதிரி, அடியில இருக்கற கலர் தெரியற அளவுக்குத்தான். பாக்க அசிங்கமா இருக்கும், பயப்படாதீங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு அடுத்தது, இந்த தடவை குறுக்க. 25, 30 சென்டிமீட்டர் தூரம். ஒரேயடியா மூடணும்னு கெட்டியா அடிச்சா டெக்ஸ்ச்சரோட பள்ளமெல்லாம் ரொம்பி வழவழனு ஆயிடும், வழவழனு ஆனா மின்னும். மழை ஈரமா இருக்கற நாள்ல அடிச்சா சில பெயிண்ட் வெள்ளையா பூத்துக்கும், அன்னைக்கு வேணாம். வென்ட்டோட அசையற தகடு, அதோட அச்சு இதுலயெல்லாம் பெயிண்ட் படாம டேப் போடுங்க, இறுகிட்டா அப்புறம் தகடு ஒடியற வரைக்கும் தள்ளிட்டே இருப்போம்.

கறுப்புன்னா ஒரே கறுப்பு கிடையாது. பின்பக்கமோ, க்ளவ் பாக்ஸ் உள்பக்கமோ ஒரு துளி அடிச்சு, முழுசா காஞ்சப்புறம் வெயில்ல கொண்டு போய் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதே துளில பிளேடால கட்டம் கட்டமா மெலிசா கீறி, டேப் ஒட்டி சுளீர்னு இழுங்க. கட்டம் எல்லாம் நின்னுச்சுன்னா முன்பக்கம் அடிக்கலாம், டேப்போட வந்துச்சுன்னா கிளீனிங்கோ ப்ரமோட்டரோ பத்தலனு அர்த்தம்.

மச்சான் அந்த நேரத்துல வந்து நின்னு பாத்துட்டு, "டேய், இதுக்கு மேல ஒரு க்ளியர் கோட் குடுத்து விட்டுருடா, பளிச்னு இருக்கும்ல" அப்படினான்.

"மச்சான், பளிச்னு இருந்தா உனக்கு ரோடு தெரியாது."

"வெளில பாடிக்கு அடிக்கிறதுதானே?"

"அது வெளிலடா. உள்ளுக்கு எதுக்கு?"

கண்ணாடி பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும், பாடிக்கு அடிக்கற ரெண்டு பாகம் கலக்கற க்ளியர்ல ஐசோசயனேட் இருக்கு, அது மூச்சுக்குள்ள போனா ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போய் விடும், வீட்டு வராண்டால வெச்சு அடிக்கற சாமான் இல்ல அது. சாதாரண கேனுக்கே காத்தோட்டமான இடமும் கார்பன் கேட்ரிஜ் வெச்ச மாஸ்க்கும் வேணும், துணி மாஸ்க் தூசிய நிறுத்தும், ஆவிய நிறுத்தாது. அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்துல கூடாது. மேல் பலகைக்கு வெள்ளை, பீஜ் கலர் அடிக்கலாமானும் கேட்டான். அதுவும் கண்ணாடில பிம்பமாதான் விழும், மேட்டா இருந்தாலும். கலர் ஆசை இருந்தா முழங்காலுக்கு நேரா வர்ற கீழ் பேனல்ல காட்டிக்கலாம்.

ஹீட் கன் வெச்சு சூடு காட்டினா வெளுத்த பிளாஸ்டிக் கறுப்பாகுதே, அதப் பண்ணலாமானு கேக்கறவங்களுக்கு: கழட்டி வெளில எடுத்த பிபி துண்டுல ஆகும், கொஞ்ச மாசத்துல திரும்ப வெளுக்கும். வண்டிக்குள்ள மாட்டியிருக்கும்போது வேண்டவே வேண்டாம், பின்னாடி வயரும் ஏர்பேக்கும் இருக்கு.

அடிச்ச துண்டுகள நிழல்ல ஒரு நாளாவது விட்டுட்டு மாட்டுங்க, முழுசா இறுக ஒரு வாரம் போல ஆகும், அதுவரைக்கும் நகம் படாமப் பாத்துக்கணும். மாட்டும்போது துண்டும் துண்டும் உரசற இடத்துல, கிளிப் உக்கார்ற பள்ளத்துல மெலிசா துணி டேப் ஒட்டிட்டா பின்னாடி கிரீச் கிரீச் சத்தம் வராது, பெயிண்ட்டும் தேயாது. கனெக்டர் எல்லாம் க்ளிக்னு உக்காந்ததப் பாத்துட்டு கடைசியாதான் பேட்டரிய மாட்டணும், சாவி போட்ட உடனே ஏர்பேக் விளக்கு எரிஞ்சு சில விநாடில அணையணும், அணையலேனா அப்படியே நிறுத்தி தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க. உள்ள பெயிண்ட் வாசனை கொஞ்ச நாள் இருக்கும், கண்ணாடிய இறக்கி விட்டு ஓட்டுங்க. துடைக்க ஈரத் துணி போதும், நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு ஒரு சன் ஷேடு வெச்சுட்டா டேஷ்போர்டு மேல ஏறற சூடு நல்லா குறையும். ஏற்கனவே வாங்கி வெச்ச பாலிஷ் பாட்டில் மீதி இருந்தா டயர் பக்கவாட்டுல பூசித் தீத்துடுங்க, ரோட்டுல படற பகுதில மட்டும் வேணாம், வழுக்கும்.